ஷோஜோ மாங்கா: கண், பூ, கலைந்த கட்டம் (கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, ஷோஜோ மாங்கால கண்ணு ஏன் பாதி முகத்துக்கு இருக்கு? பார்த்தாலே சிரிப்பா வருது.

பதில்: ஷோஜோ மாங்கா என்றால் ஜப்பானில் சிறுமிகளுக்காக வரும் படக்கதை. சிரித்து முடித்ததும் ஒரு பக்கத்தை எடுத்து, கண்ணை மட்டும் கவனித்துப் பாருங்கள். நாயகி வாய் திறக்காத இடத்திலெல்லாம் கண்தான் பேசும். 1930-களிலேயே ஜூனிச்சி நகஹாரா சிறுமியர் பத்திரிகைகளில் ஏக்கம் ததும்பும் அகன்ற கண்களை வரைந்துவிட்டார். 50-களில் மகோத்தோ தகஹாஷி அந்தக் கருவிழிக்குள் நட்சத்திரம் வைத்தார். விழியில் ஒளிப்புள்ளிகள் தளும்பினால் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. ஒளியே இல்லையென்றால் மனம் விட்டுப்போயிற்று. நாடக நடிகையின் கதையான ‘கராசு நோ காமென்’ தொடரில் அதிர்ச்சி வந்தால் கருவிழியே மறைந்து, கண் வெள்ளையாக நிற்கும்.

கேள்வி: கட்டமே ஒழுங்கா இல்ல. யார் பேசுறா, எது முதல்ல, ஒண்ணும் புரியல. எப்படிக்கா படிக்கிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வலது மேல் மூலையில் தொடங்கி இடப்பக்கம் போங்கள், அது எல்லா மாங்காவுக்கும் பொது. ஷோஜோவில் கூடுதலாக ஒன்று உண்டு: பக்கத்தில் இரண்டு காலம் ஓடும். நடப்பது ஒன்று, மனதில் ஓடுவது இன்னொன்று.

பள்ளி மாடிப்படியில் அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் கட்டத்தில் அவன் உதடு மட்டும். பக்கத்தில் அவள் விரல் கைப்பிடியை இறுக்குகிறது. அதற்குக் கீழே கட்டத்தின் கோடே கிடையாது; தலை முதல் கால் வரை அவள் உருவம் மற்ற கட்டங்கள்மேல் படர்ந்து நிற்கும். பின்னணியில் படிக்கட்டு காணாமல் போய், ஒட்டுத்தாளில் வெட்டி ஒட்டிய புள்ளிகளோ பூக்களோ இருக்கும். வெள்ளை இடத்தில் பேச்சுக்குமிழி இல்லாமல் இரண்டு மூன்று சொற்கள் மிதக்கும். அவற்றை யாரும் உரக்கச் சொல்லவில்லை, அவள் நினைக்கிறாள். நிஜத்தில் ஒரு நொடி. பக்கத்தில் அது முழுசாக விரிகிறது. வேகமாகப் புரட்டினால் கதை புரியும், அந்த நொடி தப்பிவிடும்.

இந்த முறைக்கு மெருகேற்றியவர்கள் மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகேமியா, யுமிகோ ஓஷிமா போன்ற பெண்கள். 1949-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் அது ஷோவா 24 என்பதால் ‘24-ஆம் ஆண்டுக் குழு’ என்று பெயர் வந்தது. அதற்கு முன்பு சிறுமியர் பத்திரிகைகளில் ஆண்கள்தான் அதிகம் வரைந்தார்கள். இருபதுகளில் இருந்த இந்தப் பெண்கள் 70-களில் உள்ளே வந்தபிறகு அந்த வகையின் முகமே மாறிப்போயிற்று.

கேள்வி: எல்லாமே பள்ளிக்கூடக் காதல்தானே?

பதில்: இல்லவே இல்லை. ஹாகியோ 1972-இல் ரத்தக்காட்டேரிச் சிறுவர்களின் கதையைத் தொடங்கினார், 1975-இல் விண்கலக் கதை எழுதினார். நியூயார்க் கும்பல் சண்டையைச் சொல்லும் அகிமி யோஷிடாவின் ‘பனானா ஃபிஷ்’ 1985-இல் தொடங்கியதும் ஷோஜோ பத்திரிகையில்தான். மாங்கா முதலில் பத்திரிகையில் தொடராக வரும்; எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதுதான் வகையைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: நாயகி ஆண் வேஷம் போடுறது ஏன் இவ்வளவு அதிகமா வருது?

பதில்: தகரசூகா நகரத்தில் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழு 1914 முதல் மேடையேறி வருகிறது. ஆண் பாத்திரமும் பெண்கள்தான். புகழ்பெற்ற மாங்கா ஓவியர் ஒசாமு தெசுகா வளர்ந்தது அந்த ஊரில். 1953-இல் அவர் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’யில், அரியணை ஆணுக்கே என்பதால் இளவரசி சஃபயர் இளவரசனாக நடமாடுகிறாள். 1972-இல் ரியோகோ இகேடா ‘பெர்சாயு நோ பரா’வில் ஆஸ்கார் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார். தளபதியின் மகள், மகனாக வளர்க்கப்பட்டு, பிரெஞ்சு அரசியின் காவல் படையில் அதிகாரியாகிறாள். கடைசியில் மக்கள் பக்கம் சேர்ந்து பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் சிறைக்கோட்டை முன்னால் உயிரை விடுகிறாள். வாளெடுக்கவும் கட்சி மாறவும் அவளுக்கு வாய்ப்பிருந்தது. படித்த சிறுமிகளை அதுதான் கட்டிப்போட்டது என்பது என் எண்ணம். 1974-இல் அதே தகரசூகா குழு அதை மேடையேற்றியது.

கேள்வி: சைலர் மூன்ல எல்லா எபிசோட்லயும் அதே உருமாற்றக் காட்சி. சோம்பேறித்தனமா?

பதில்: ஒருமுறை அழகாக வரைந்து வாராவாரம் பயன்படுத்தினால் உழைப்பு மிச்சம், உண்மைதான். ஆனால் குழந்தைகள் காத்திருப்பதும் அதற்குத்தான். மந்திரச் சிறுமி வகை தொலைக்காட்சிக்கு வந்தது 1966-இல், ‘சாலி’யோடு. 1992-இல் நவோகோ தகேஉச்சியின் ‘சைலர் மூன்’ அதில் ஐவர் படையைச் சேர்த்தது. அதன் நாயகி உசாகி உலகத்துக்காகச் சண்டை போட்டாள்.

கேள்வி: பத்து வயசுப் பொண்ணுக்கு எதை வாங்கித் தரலாம்?

பதில்: அம்மா, பத்திரிகைப் பெயரைப் பாருங்கள். ‘நகாயோஷி’, ‘ரிபோன்’ ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ‘மார்கரெட்’, ‘ஹனா தோ யுமே’ பெரிய பிள்ளைகளுக்கு. ‘கார்ட்கேப்டர் சகுரா’ நகாயோஷியில் வந்தது, அதில் தொடங்குங்கள். ‘ஹனா யோரி தாங்கோ’ இப்போது வேண்டாம். முரடன் துன்புறுத்துவதைக் காதலாக்கும் பழக்கம் இந்த வகையில் இருக்கிறது. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கேள்வி: நான் பையன். படிக்கலாமாக்கா?

பதில்: தாராளமாகப் படி தம்பி. ‘கிமி நி தோதோகே’ எடுத்துக்கொள். வதந்தியால் நாயகி சவாகோவும் இரு தோழிகளும் பிரிந்து சேரும் அத்தியாயங்கள் வரும்வரை கீழே வைக்காதே.