கொலோன் சம்பவம்: ட்விட்டர் பதிவுகளைப் பொதுக்கருத்தாகக் கொள்ளலாமா?

வணக்கம். 2015 டிசம்பர் 31 இரவு ஜெர்மனியின் கொலோன் நகரில் பெண்கள் மீது நடந்த பாலியல் தாக்குதல்களுக்குப் பின், குடியேறிகளையும் குற்றத்தையும் இணைத்துப் பேசும் ட்விட்டர் பதிவுகள் பெருகியதை வைத்து, ஜெர்மானியரின் கருத்தே மாறிவிட்டதாக ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் நம்பி எழுத வேண்டாம். பெரும்பாலான பதிவுகளை மிகச் சிலரே இடுகிறார்கள் என்பதால், பதிவுகளோடு கணக்குகளையும் எண்ணுங்கள். மறுபகிர்வுகளைத் தனியே பிரித்துவிடுங்கள். சில நூறு பதிவுகளையாவது நீங்களே படிப்பது மிக அவசியம். ஏனெனில் அகதிகளைப் பழிப்பவரும் அப்பழியை மறுப்பவரும் 'கொலோன்' என்ற அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள், பதிவுகளைக் கணினியே வகை பிரிக்கும்போது தடுமாறுவதும் இங்கேதான். கூகுளில் ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸின் 0 முதல் 100 வரையிலான எண்ணும் தேடலின் ஒப்பீட்டு அளவையே காட்டும், தேடியவரின் மனநிலையை அல்ல. குடியேற்றம் குறித்து ஒரே கேள்வியைத் தொடர்ந்து கேட்டுவரும் யூரோபாரோமீட்டர் என்ற ஐரோப்பிய ஒன்றியக் கருத்துக்கணிப்பின் 2015, 2016 முடிவுகளோடு ஒப்பிட்ட பிறகு முடிவுரையை எழுதுங்கள்.