வாசகர் கேள்வி – பதில்: பெறாமகனுக்கு ஒரு பரிசு, அப்பப்பாவின் ரைபிள்

துப்பாக்கிச் சுடுதலை விளையாட்டாகப் பயில்பவர்களும், குடும்பத்தில் எஞ்சியிருக்கும் பழைய துவக்குகளை என்ன செய்வதென்று அறியாதவர்களும் எழுதிய கடிதங்களில் ஐந்துக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது. முப்பது ஆண்டுக்கால யுத்தத்தைக் கண்ட நாட்டில், அதிலும் தமிழ்க் குடும்பங்களின் நடுவே, இந்தப் பொருளைப் பற்றிப் பேசும்போது கூடுதலான கவனம் வேண்டும் என்பதை மனத்தில் இருத்தியே இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, பாடசாலையின் எயார் ரைபிள் அணியில் சேர்ந்திருக்கும் என் பெறாமகனுக்கு அடுத்த மாதம் 16 வயது நிறைகிறது. அவனுக்கென்று சொந்தமாக ஓர் எயார் ரைபிளையே பரிசளிக்க விரும்புகிறேன். வெளிநாட்டிலுள்ள என் மைத்துனர் வாங்கி அனுப்பத் தயாராக இருக்கிறார். இது சரியா? – க. சி., வெள்ளவத்தை

பதில்: உங்கள் அன்பு புரிகிறது, ஆனாலும் ரைபிளை வாங்க வேண்டாம். மைத்துனரை அனுப்பச் சொல்லவே வேண்டாம். துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ அது சுங்கத்தின் கையில் சிக்கினால், பரிசு என்று சொல்லித் தப்ப முடியாது. இறக்குமதி, உடைமை ஆகிய இரண்டுக்கும் எந்த அனுமதி தேவை என்பதைப் பாதுகாப்பு அமைச்சிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பின்னரே அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும் ரைபிள் நல்ல பரிசாகாது. போட்டிக்குரிய எயார் ரைபிளில் கன்னம் படும் பகுதி, தோளில் பதியும் தகடு, விசையின் இடம் ஆகிய எல்லாவற்றையும் சுடுபவரின் உடலுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதைப் பயிற்றுநர்தான் சொல்ல முடியும். சுடும்போது அணியும் விறைப்பான மேலங்கியும் அப்படித்தான். அதன் தடிப்பையும் விறைப்பையும் போட்டிக்கு முன் கருவி வைத்து அளப்பார்கள் என்பதால், அளவெடுக்காமல் வாங்கினால் பணம் வீணாகும்.

மகிழ்ச்சி தரக்கூடிய சிறிய பொருட்கள் பல உண்டு. ரைபிளைத் தாங்கும் கைக்குரிய கையுறை, கண்பாதுகாப்புக் கண்ணாடி, குறிபார்க்காத கண்ணை மூடாமலே மறைக்க உதவும் சிறு மறைப்பு ஆகியவை நல்ல தெரிவுகள். இவற்றுள் என் முதல் பரிந்துரை ரவைகளே. 10 மீற்றர் போட்டிக்கு 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள, முனை தட்டையான ஈய ரவை பயன்படுகிறது. தட்டை முனை காகித இலக்கில் சுத்தமான வட்டத் துளையிடுவதால் புள்ளி கணிப்பது எளிது. ஒரே வகை ரவை எல்லா ரைபிளிலும் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஆகவே பாடசாலை ரைபிளில் எந்த வகை நெருக்கமாக ஒரே இடத்தில் விழுகிறது என்று பயிற்றுநரிடம் கேட்டு, அதே வகையில், முடிந்தால் ஒரே உற்பத்தித் தொகுதி இலக்கமுள்ள சில டப்பாக்களை வாங்கிக் கொடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு எதையும் உண்ணக் கூடாது, பயிற்சி முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும் என்பதையும் பெறாமகனுக்குச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: என் அப்பப்பா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். பழைய வீட்டை விற்பதற்காக அலுமாரிகளை ஒழித்தபோது, சாக்குத் துணியில் சுற்றிய ஒரு ரைபிள் கிடைத்தது. போல்ட்டுக்கு (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டுக்கு) பின்னே உள்ள இரும்பில் கிரீடமும் ‘ஜி.ஆர்.’ என்ற எழுத்துகளும், அவற்றின் கீழே ‘பி.எஸ்.ஏ. கோ.’, 1916 என்பனவும் பொறிக்கப்பட்டுள்ளன. இரும்பு துருவேறியும் மரம் கறுத்தும் இருக்கின்றன. மரத்தை அரத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசி, இரும்பைப் பளபளப்பாக்கிக் காட்சிக்கு வைக்கலாமென்று மகன் சொல்கிறான். எப்படித் தொடங்குவது? – ஆ. ந., கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் மகனிடமிருந்து அரத்தாளை வாங்கி வையுங்கள். அதற்கும் முன்பாக, இன்றே செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பது குற்றமாகும். பழையது, துருப்பிடித்தது, தாத்தாவுடையது என்ற காரணங்கள் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள். ரைபிளைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகவும் கூடாது. வழியிலுள்ள சோதனைச் சாவடியில் அகப்பட்டால் உங்கள் நல்ல நோக்கத்தை நிரூபிப்பது கடினம். அதை இருந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, ஒரு சட்டத்தரணியின் துணையோடு எழுத்தில் அறிவித்து, பொலிஸார் வந்து பார்க்குமாறு கேளுங்கள். அப்பப்பாவின் பெயரில் பழைய அனுமதிப்பத்திரம், தோட்டத் துரை எழுதிய கடிதம், பற்றுச்சீட்டு என எந்தத் துண்டுக் காகிதம் கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள். அனுமதி கிடைக்குமா, அரசிடம் கையளிக்க வேண்டி வருமா என்பதைப் பாதுகாப்பு அமைச்சுதான் தீர்மானிக்கும். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட துப்பாக்கிகளையே தற்காலிகமாகத் திருப்பிக் கையளிக்குமாறு அமைச்சு அறிவித்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, எந்த முடிவுக்கும் ஆயத்தமாக இருங்கள்.

இனி ரைபிளைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் விவரிப்பது பேர்மிங்காமில் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த குட்டை லீ-என்பீல்ட் ரைபிள்; .303 அங்குலத் தோட்டா பத்து கொள்ளும் மகசினை உடையது. ஆண்டுக்குக் கீழே மூன்று கோடுகளும் அவற்றை அடுத்து ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கின்றனவா என்று பொலிஸார் முன்னிலையில் பாருங்கள். இருந்தால், முதலாம் உலகப் போர்க்கால அவசரத்தில் நெடுந்தூரக் குறிகாட்டியையும் மகசினை மறைக்கும் தகட்டையும் விட்டுவிட்டு எளிமையாக்கிய வகை அது. மலையகத்தில் இத்தகைய ரைபிள் கிடைப்பதில் வியப்பில்லை. 1900இல் தொடங்கி 1949இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையில் தோட்டத் துரைகள் தொண்டர்களாகச் சேவை செய்தார்கள்.

அதனாலேயே இன்னொரு குறியைத் தேட வேண்டியிருக்கிறது. அகன்ற அம்புக்குறி ஒன்று மட்டும் இருந்தால் அது அரச உடைமையாக இருந்ததைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், படையிலிருந்து முறைப்படி விற்கப்பட்டது என்று பொருள். உங்கள் அப்பப்பாவின் கைக்கு இது எப்படி வந்தது என்ற கேள்விக்கு அந்தச் சிறு முத்திரை பாதிப் பதிலாகக்கூடும். ‘டி.பி.’ என்று பொறித்திருந்தால் அது அணிப்பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட, சுடத் தகாத ரைபிள்.

அரத்தாள் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த முத்திரைகளே. மரத்திலும் பரிசோதகர்களின் முத்திரைகள் உண்டு. அரத்தாள் முதலில் தின்பது அவற்றைத்தான். இரும்பைப் பளபளக்க வைத்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, மீதமிருக்கும் கரும்பூச்சும் போய்விடும். நூறு ஆண்டு கடந்த ரைபிளுக்குச் செய்யக்கூடிய நன்மை, மேலும் கெடாமல் நிறுத்தி வைப்பதே என்பது என் உறுதியான கருத்து.

அனுமதி கிடைத்து, அனுமதிபெற்ற திருத்துநர் ஒருவர் குண்டு இல்லை என்று உறுதிசெய்த பிறகு, வெளிப்புற வேலையைப் பொறுமையாகத் தொடங்கலாம். செந்துரு உயிருள்ளது, பரவக்கூடியது. இரும்போடு ஒட்டிய கருமை உறைந்துபோனது, அதைத் தொட வேண்டியதில்லை. செந்துருவின் மேல் தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெயைத் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டு, மிக நுண்ணிய நான்கு சுழிய இரும்பு நாரால் அழுத்தாமல் துடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் கெட்டு அழுக்கைப் பிடித்துவைக்கும். அக்காலத் தோட்டாக்களைப் பற்றவைக்கும் பொறிமருந்து குழலுக்குள் உப்பைப் படியவிட்டது. அந்த உப்பு ஈரத்தை இழுப்பதாலேயே படைவீரர்கள் சுட்டு முடித்ததும் கொதிநீர் ஊற்றிக் குழலைக் கழுவினார்கள். குழலின் உட்புறம் எப்படி இருக்கிறது என்பதைத் திருத்துநரே பார்க்கட்டும்.

மரத்தைக் கழற்றும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். இவ்வகை ரைபிளில் பின்மரத்தைப் பிணைக்கும் நீண்ட ஆணியின் சதுர முனை, முன்மரத்தின் பின்பக்கத் தகட்டுக்குள் நுழைந்து நிற்கிறது. முன்மரத்தை முதலில் எடுக்காமல் அந்த ஆணியைத் திருகினால் முன்மரம் ‘படக்’கென்று பிளந்துபோகும். அடிபட்டுக் குழிந்த இடத்தில் ஈரத் துணியை விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் வைத்தெடுத்தால், நீராவியில் மரநார் உப்பிக் குழி மேலெழும். முத்திரையுள்ள இடத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. பிறகு காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகள் உள்ளங்கையில் எடுத்து, சூடு பிறக்கும்வரை தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் வேலை இது. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. நீரில் நனைத்தோ வெளியில் விரித்து உலர்த்தியோ அகற்றுங்கள்.

சுட்டுப் பார்க்கவே வேண்டாம். போல்ட்டின் கைப்பிடியில் உள்ள இலக்கமும் உடற்பகுதியின் இலக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் போல்ட் மாற்றப்பட்டிருக்கிறது; தோட்டா உட்காரும் இடைவெளி பிசகியிருந்தால் அதன் பித்தளைக் கோது கிழிந்து, வாயு சுடுபவரின் முகத்துக்கே வரும்.

கேள்வி: வவுனியாவிலுள்ள எங்கள் பழைய வீட்டில் மாமாவின் இடியன் துவக்கு ஒன்று தொங்குகிறது. அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்து வரவேற்பறையில் மாட்டலாமா? – த. இ., பம்பலப்பிட்டி

பதில்: மேலே சொன்ன சட்ட எச்சரிக்கை இதற்கும் முழுமையாகப் பொருந்தும். குழல்வாய் வழியாக வெடிமருந்தைக் கிட்டிக்கும் இடியனில் கூடுதலான ஓர் ஆபத்தும் உண்டு: வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் மருந்தை வெளியே எடுக்காமலே சுவரில் மாட்டியிருக்கலாம். ஈரம் படாத கருமருந்து பல பத்தாண்டுகளின் பின்னும் வெடிக்கும். ஆகவே ஒருவரும் அதைத் தொட வேண்டாம். குழல்வாய்க்கு நேரே எவரும் நிற்கவும் வேண்டாம். பழைய துவக்குகளின் வேலைப்பாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1765இல் டச்சுப் படையினர் கண்டியிலிருந்து கொள்ளையிட்டுச் சென்று, 2023இல் நெதர்லாந்து திருப்பித் தந்த ஆறு பொருட்களுள் கண்டிப் பிரதானி லெவ்கேயின் பெயரால் அறியப்படும் பீரங்கியோடு இரண்டு பெரிய சுவர்த் துவக்குகளும் இருக்கின்றன.

கேள்வி: என் மகள் 10 மீற்றர் எயார் ரைபிள் பயில்கிறாள். சுடுதளத்தில் சனிக்கிழமை மட்டுமே இடம் கிடைக்கிறது. மற்ற நாட்களில் வீட்டில் எதையாவது பயில முடியுமா? பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று உறவினர்கள் கேட்பதும் மனத்தைச் சங்கடப்படுத்துகிறது. – திருமதி ச. ர., தெஹிவளை

பதில்: அம்மா, உறவினர்களுக்கான பதில் ஏற்கனவே இருக்கிறது. 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கைக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் புஷ்பமாலி ராமநாயக்க, மாலினி விக்கிரமசிங்க என்ற இரண்டு பெண்கள். அந்தத் தங்கம் துப்பாக்கிச் சுடுதலில்தான் கிடைத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் உங்கள் மகள் பயிலும் அதே பிரிவில் தெஹானி எகொடவெல போட்டியிட்டார்.

இந்த விளையாட்டில் பெரும்பகுதியை ஒரு ரவையும் செலவழிக்காமல் கற்கலாம். 10 மீற்றர் தொலைவிலுள்ள இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர் அகலம். போட்டியில் 60 முறை சுட 75 நிமிடம் தரப்படுகிறது. அவ்வளவு நேரம் ஒரே நிலையில் அசையாமல் நிற்கும் உடலை வீட்டிலேயே உருவாக்க முடியும். ரைபிள் இல்லாமலே மகள் நிற்கட்டும்: பாதங்கள் தோளகலம், இடுப்பு இலக்கை நோக்கிச் சற்றே முன்தள்ளி, தாங்கும் கையின் முழங்கை இடுப்பெலும்பின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். தசையின் பலத்தால் தூக்கிப் பிடிப்பவருக்குச் சில நிமிடங்களில் கை நடுங்கும். எலும்பின் மேல் சுமையை இறக்கியவருக்கு நடுங்காது. பிறகு கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முன்பு பார்த்த புள்ளியிலிருந்து பார்வை விலகியிருந்தால் கையை இழுத்துத் திருத்தாமல், பின்காலைச் சிறிது நகர்த்தி முழு உடலையும் திருப்ப வேண்டும். இதை நாளும் இருபது நிமிடம் செய்தால் போதும்.

பயிற்றுநர் அனுமதித்து, அவரோ நீங்களோ அருகில் இருக்கும்போது, ரவையில்லாத ரைபிளால் வெள்ளைச் சுவரை நோக்கி விசை அழுத்தும் பயிற்சியும் உண்டு. இலக்கு இல்லாததால் கண் புள்ளியைத் துரத்தாது. விரல் அழுத்தும் கணத்தில் குறிவளையம் எப்பக்கம் துள்ளுகிறது என்பது மட்டும் தெரியும். விசையை அழுத்திய பின்னரும் இரண்டு நொடி அப்படியே நிற்கப் பழகட்டும். சுருள்வில் வகை ரைபிளில் இதைச் செய்யக் கூடாது; ரவை இல்லாமல் விடுவித்தால் உள்ளே உந்துதண்டு மோதிச் சேதமாகும். போட்டி ரைபிள்கள் பலவற்றில் இப்பயிற்சிக்கென்றே தனி அமைப்பு உண்டு. பாடசாலை ரைபிளில் அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கொழும்பின் புழுக்கத்தில் அந்தத் தடித்த மேலங்கியோடு ஒரு மணித்தியாலம் நிற்பது எளிதல்ல. சனிக்கிழமைகளில் தண்ணீர்ப் போத்தலோடு மாற்றுச் சட்டையும் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: புத்தளத்திலுள்ள எங்கள் தென்னந்தோட்டத்துக்காக அனுமதிப்பத்திரத்துடன் ‘12 போர்’ என்ற குழல் அளவுடைய துவக்கு வைத்திருக்கிறேன். கடற்காற்றில் அடிக்கடி துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்? – ம. யோ., கல்கிசை

பதில்: தோலுறையிலோ பஞ்சு வைத்த பெட்டியிலோ வைத்திருந்தால் அதுவே காரணம், இரண்டும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். பூட்டக்கூடிய இரும்புப் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு, குழல்வாய் கீழ்நோக்கி இருக்குமாறு நிறுத்துங்கள். அப்போது மிகுதி எண்ணெய் மரத்துக்குள் இறங்கி அதை மென்மையாக்காது. தொட்ட பின்பு விரல் பட்ட இடங்களை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். வியர்வையின் உப்பு ஓரிரவில் துருவைத் தொடங்கிவிடும். தோட்டாக்களை வேறு பெட்டியில், வேறு பூட்டில் வையுங்கள். அனுமதிப்பத்திரத்தை ஆண்டு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், புத்தளத்துக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் நடப்பு ஆண்டுக்குரிய பத்திரம் உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.