குளிர்கால ரயரை லீஸுக்குள் சேர்க்கலாமா?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கிறேன். 19 அங்குலச் சக்கரங்கள் பூட்டிய 2025 மாதிரி டொயோட்டா ராவ்4 கார் ஒன்றை 48 மாத லீஸில் (மாதம் மாதம் கட்டி, முடிவில் காரைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில்) எடுக்கவிருக்கிறேன்; வட்டி 7.9 வீதம். ஆண்டுக்கு 20,000 கிலோமீற்றர் ஓடுவேன். அந்த விற்பனை நிலையத்தில் வேலை செய்யும் என் மனைவியின் தம்பி, அதே அளவில் கறுப்பு அலோய் றிம்மும் குளிர்கால ரயரும் 2,800 டொலருக்குத் தருவதாகவும், லீஸுக்குள் சேர்த்தால் மாதம் 77 டொலர்தான் கூடும் என்றும் சொல்கிறார். 900 டொலருக்கு ரயர்-றிம் காப்புத் திட்டம் ஒன்றையும் எடுக்கச் சொல்கிறார். சேமிப்பில் 3,000 டொலர் இருக்கிறது. அதைத் தொட மனமில்லை. சோபா, தொலைபேசிகள், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு ஏற்கெனவே தவணை கட்டுகிறோம். மாதக் கடைசியில் கடனட்டையில்தான் சாமான் வாங்குகிறோம். மறுத்தால் வீட்டில் மனஸ்தாபம் வரும். என்ன செய்வது?

பதில்: குளிர்கால ரயர் ஏன் வேண்டும் என்று ஸ்காபரோவில் இருப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ரயர் அல்ல. சோபாவிலிருந்து தொலைக்காட்சி வரை எதன் விலையையும் நீங்கள் எழுதவில்லை, மாதம் எவ்வளவு போகிறது என்பதைத்தான் நினைவில் வைத்திருக்கிறீர்கள். மாதக் கடைசியில் கடனட்டையை நீட்ட வேண்டி வருவதற்கு அந்தப் பழக்கமே காரணம். இந்த 77 டொலரும் அந்த வரிசையில் போய் நிற்கப்போகிறது.

கணக்கைத் தோராயமாகப் பாருங்கள். 2,800 டொலருக்கு 7.9 வீத வட்டியில் 48 மாதங்களுக்கு மாதம் ஏறத்தாழ 68 டொலர் வரும். அதன் மேல் எச்.எஸ்.ரி. என்னும் 13 வீத விற்பனை வரி சேர்ந்தால் 77. நான்கு ஆண்டு முடிவில் நீங்கள் கட்டியிருப்பது 3,700 டொலர். அதைவிட முக்கியமானது, லீஸுக்குள் சேர்த்த துணைப்பொருட்கள் பல ஒப்பந்தங்களில் காரோடு சேர்ந்தவையாகவே கருதப்படுகின்றன. கையெழுத்திடுமுன் அந்தப் பகுதியை வாசிக்காவிட்டால், 3,700 டொலர் கட்டிய ரயரையும் காரோடு கொடுத்துவிட்டு வர நேரலாம்.

இனி அதே வேலையை வெளியில் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 19 அங்குலத்திலேயே குளிர்கால ரயர் வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதே மாதிரிக் காரின் விலை குறைந்த வகையை நிறுவனமே 17 அங்குலத்தில், 225/65 அளவு ரயரோடு விற்கிறது. ஆகவே பிரேக்கில் முட்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை, ஆயினும் கடையில் ஒன்றைப் பூட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அளவு சிறியதென்றால் ரயரின் விலையும் குறையும். ரயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் மார்ச் மாதத்து வீதிக் குழிகளில் றிம் அடிபடுவதும் குறையும். ரயர் ஒன்று 200 வீதம் 800, இரும்பு றிம் ஒன்று 90 வீதம் 360, காற்றழுத்த உணரி ஒன்று 60 வீதம் 240, பூட்டுகூலி 100 என்று வைத்தால் 1,500 டொலர். வரியோடு 1,700-க்குச் சற்றுக் குறைவு. கறுப்பு அலோய் றிம் அழகுதான்; பனி உருக வீதியில் போடும் உப்புச் சேற்றுக்குள் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு விடயம். உணரிகளைக் கனடாவில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. காற்றை மாதம் ஒருமுறை கையால் அளந்து பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த 240 டொலரையும் மிச்சம் பிடிக்கலாம்.

றிம்மையும் மிச்சம் பிடிக்கலாமே, காரோடு வந்த றிம்மிலேயே ரயரை மாற்றி மாற்றிப் பூட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். லீஸ் காருக்கு அது சரிப்படாது. ஆண்டுக்கு இரண்டு முறை கழற்றிப் பூட்டும் கூலி கூடும் என்பது ஒருபுறமிருக்க, உப்பில் அரித்த அலோய் றிம்மோடு காரைத் திருப்பிக் கொடுத்தால் சேதக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும். அசல் சக்கரங்கள் நான்கையும் குளிர்காலத்தில் பத்திரமாக எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அவைதான் காரில் இருக்க வேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு இலாபமும் உண்டு. நான்கு ஆண்டில் 80,000 கிலோமீற்றர் ஓடப்போகிறீர்கள். முழுத் தூரமும் அசல் ரயரிலேயே ஓடினால், ஒப்பந்தங்கள் பொதுவாகக் கேட்கும் 3 மில்லிமீற்றர் ஆழம் ரயரின் பள்ளங்களில் மிஞ்சுவது கடினம். திருப்பிக் கொடுக்கும் வேளையில் புது ரயர் நான்கு வாங்கிக் கொடுக்க நேரும். ஆண்டுக்கு ஐந்து மாதம் குளிர்கால ரயரில் ஓடினால் அசல் ரயருக்கு விழுவது ஏறத்தாழ 47,000 கிலோமீற்றர்தான். இதோடு, 2016-லிருந்து ஒன்ராறியோவில் எல்லாக் கார் காப்புறுதி நிறுவனங்களும் குளிர்கால ரயருக்குக் கட்டணக் கழிவு தரவேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாக முன்வந்து தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். விலைச்சிட்டையை எடுத்துவைத்துக் கேளுங்கள்.

காப்புத் திட்டத்துக்கு வருவோம். இப்போது பல விற்பனை நிலையங்களில் கையெழுத்திடும் மேசையில் இதை நீட்டுகிறார்கள். இத்திட்டங்கள் பெரும்பாலும் ஆணி குத்துவதற்கும் குழியில் விழுந்து நெளிவதற்குமானவை. ரயர் தேய்வதற்கு எதுவும் தருவதில்லை. 900 டொலருக்குப் பத்து இரும்பு றிம் வாங்கலாம். வேண்டாம்.

பணம் எங்கிருந்து வரும் என்றால், நீங்கள் தொட மறுக்கும் அந்த 3,000 டொலரிலிருந்துதான். கடனட்டைக்கு வட்டி கட்டிக்கொண்டு சேமிப்பைப் பூட்டி வைப்பது எனக்கு விளங்கவில்லை. அது ரி.எஃப்.எஸ்.ஏ. என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இருந்தால், எடுத்த தொகையைத் திரும்பப் போடுவதற்கான இடம் அடுத்த ஜனவரி 1-ஆம் திகதி கிடைக்கும். 1,700 டொலரை எடுங்கள். மைத்துனருக்குக் கட்டவிருந்த அதே 77 டொலரை மாதந்தோறும் சேமிப்பில் போடுங்கள். 22 மாதத்தில் எடுத்தது நிரம்பிவிடும். மீதி 26 மாதத்துக்குரிய 2,000 டொலர் கடனட்டைக்குப் போகட்டும்.

மைத்துனர் விடயத்தில் நீங்கள் நினைக்கும் அளவுக்குச் சிக்கல் இல்லை. காரை அவரிடமே எடுக்கிறீர்கள். உறவுக்கு அது போதும். ரயரை வேறு இடத்தில் பேசிவிட்டதாக, கையெழுத்திடும் நாளுக்கு முன்பே, மனைவியைக் கொண்டு சொல்லிவிடுங்கள். மேசையில் வைத்து மறுத்தால்தான் அவருக்கு முகம் சுருங்கும். அப்போதும் விடாப்பிடியாக நின்றால், 17 அங்குல இரும்பு றிம்மோடு ரொக்க விலையைத் தனிச்சிட்டையில், உங்கள் பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள்; அது 1,700-க்குள் வந்தால் தாராளமாக அவரிடமே வாங்கலாம்.

முதல் பனி விழுந்த பிறகு எந்தக் கடையிலும் இடம் கிடைக்காது; ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் நாள் குறித்துவிடுங்கள். இரும்பு றிம்முக்குரிய நட் வேறாக இருக்கலாம் என்பதால் அதையும் விலையில் சேர்த்துக் கேளுங்கள். பூட்டி ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்களை மீண்டும் இறுக்கித் தரச் சொல்லுங்கள். பல கடைகள் அதற்குப் பணம் வாங்குவதில்லை.