எக்ஸ்-கதிர் ஒளி வளைவில் உள்ள பள்ளங்களை நீக்கிவிடலாமா?

கேட்டவர் முதுகலைத் திட்டப்பணிக்காக ஒரு குறைநிறை எக்ஸ்-கதிர் இரட்டை விண்மீனின் (நியூட்ரான் விண்மீன் அல்லது கருந்துளை, நிறை குறைந்த துணையின் வாயுவை இழுத்துக்கொள்ளும் இணை) பழைய தரவை இறக்கி வைத்திருக்கிறார் என்று ஊகிக்கிறேன். ஒளி வளைவில், அதாவது ஒளியின் அளவு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடத்தில், நடுநடுவே ஒளி சரியும் பகுதிகளைக் கருவிப் பிழை என்று வெட்டிவிடலாமா என்கிறார். வெட்டாதீர்கள். நான் வெட்டினேன், மூன்று மாத உழைப்பு வீணாயிற்று.

எனக்குத் தரப்பட்டது கழுகு விண்மீன் குழுவில் உள்ள எக்ஸ்பி 1916-053. அதில் ஒரு நியூட்ரான் விண்மீனும் ஹீலியம் மிகுந்த சிறிய துணையும் 50 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றிக்கொள்கின்றன. துணையிலிருந்து வழியும் வாயு, நியூட்ரான் விண்மீனைச் சுற்றித் தட்டு போலச் சுழலும் திரள்வட்டின் விளிம்பில் மோதும் இடம் புடைத்து நிற்கிறது. வட்டை ஏறக்குறையப் பக்கவாட்டில் பார்க்கும் நமக்கு, அந்தப் புடைப்பு சுற்றுக்கு ஒருமுறை நடுவிலுள்ள எக்ஸ்-கதிர் மூலத்தை மறைக்கிறது. இத்தகைய விண்மீன்களில் சீரான இடைவெளியில் வரும் ஒளிக்குறைவு முதன்முதலில் 1982-இல் கண்டறியப்பட்டது இதில்தான்.

இவ்வளவும் படித்திருந்தும் ஏமாந்தேன். நான் எடுத்தது நாசாவின் ஆர்எக்ஸ்டிஇ என்ற எக்ஸ்-கதிர் செயற்கைக்கோளின் தரவு. அது பூமியைச் சுற்ற ஏறத்தாழ 96 நிமிடம் ஆனது. விண்மீனின் இரண்டு சுற்றுகள் 100 நிமிடம். ஆகவே செயற்கைக்கோளின் அடுத்தடுத்த சுற்றுகளில் பள்ளம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தது. போதாக்குறைக்கு அந்தச் செயற்கைக்கோளில் இருந்த ஐந்து எண்ணிகளுள் (எக்ஸ்-கதிர்களை எண்ணும் கருவிகள்) இரண்டு இடையில் அணைக்கப்பட்டிருந்ததால், ஓரிடத்தில் எண்ணிக்கை சரியாக ஐந்தில் மூன்று பங்காக, படிக்கட்டு போல இறங்கியிருந்தது. ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எல்லாம் செயற்கைக்கோள் கோளாறு, வெட்டு" என்றார். படிக்கட்டோடு பள்ளங்களையும் வெட்டினேன். அவரைக் குறை சொல்லவில்லை. சரிபார்த்திருக்க வேண்டியவன் நான். ஆனால் வாயு எவ்வளவு அயனியாகும் என்று சொல்லும் சாகா சமன்பாட்டை மூன்று தேர்வுகளில் வருவிக்கச் சொன்ன பாடத்திட்டம் ஒரு நாளாவது ஒரு மூலத் தரவுக் கோப்பைத் திறக்க வைத்திருக்கலாம்.

பிறகு செயற்கைக்கோளின் ஒவ்வொரு சுற்றின் வரைபடத்தையும் தனித்தாளில் அச்சிட்டு, விடுதி அறைத் தரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். பள்ளம் தாளுக்குத் தாள் நான்கு நிமிடம் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது. செயற்கைக்கோளின் கோளாறாக இருந்தால் அது அதே இடத்தில் நின்றிருக்கும்.

அடுத்து, 2 முதல் 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான ஒளியையும் அதற்கு மேற்பட்டதையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள். எண்ணி அணைந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறையும். வாயு மறைத்தால் ஆற்றல் குறைந்த கதிர்கள் அதிகமாக விழுங்கப்படும். எல்லாப் பள்ளங்களும் இப்படி இருப்பதில்லை என்று யாராவது திருத்த வருவார்கள், உண்மைதான். வாயு மிகுதியாக அயனியாகியிருந்தால் (அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்திருந்தால்) இந்த வேறுபாடு மங்கிவிடும். 4யூ 1323-62 என்ற இதே வகை இரட்டை விண்மீனில் எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற ஐரோப்பிய எக்ஸ்-கதிர் செயற்கைக்கோள் காட்டியது அதைத்தான். ஆகவே இந்த ஆற்றல் வேறுபாட்டை மட்டும் நம்பாமல், முதலில் பள்ளம் வரும் நேரத்தைப் பாருங்கள்.

பள்ளத்தின் ஆழமும் சுற்றுக்குச் சுற்று மாறும், சில நாட்களில் காணாமலும் போகும், பதற வேண்டாம். உங்களுடையதும் இதே விண்மீனாக இருந்து, சுற்றுக் காலக் கணக்கில் 3000 விநாடிக்குப் பதிலாக 3027 வந்தால், கண்ணுறு ஒளித் தரவு எங்கோ கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒளியில் இதன் காலம் அதுதான்.