பழைய கதவு, ஒரு பிளைவுட் ஷீட், பாட்டியின் நாற்காலி

வீட்டுக்கு வேண்டியதைக் குறைந்த செலவில் நாமே செய்துகொள்வது பற்றி இந்த முறை நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. இடம் போதாததால் சிலவற்றுக்கு ஓரிரு வரிதான் பதில். கதவுக்கும் பிளைவுட்டுக்கும் மட்டும் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். பலரும் பணம் விடுவது அங்கேதான்.

கேள்வி: இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் ஒரு கதவு பார்த்தோம். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம். தேக்கு என்கிறார்கள். நாலு கால் வைத்து சாப்பாட்டு மேஜை ஆக்கிவிட்டால், புதிதாக வாங்குவதில் பாதிதான் ஆகும் என்கிறார் என் கணவர். நம்பலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: கதவு விலையை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். கதவில் சதுரம் சதுரமாகப் பள்ளமோ, பூ வேலைப்பாடோ இருந்தால் அதன்மேல் தட்டு வைத்துச் சாப்பிட முடியாது. சாம்பார் இறங்கிய பள்ளத்தைத் துடைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கண்ணாடி போட வேண்டும், அதுவும் 8 அல்லது 10 மி.மீ. டஃபண்டு கண்ணாடி, அதாவது சூடேற்றிப் பதப்படுத்திக் கடினமாக்கியது. இந்தக் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்ட முடியாது. அளவு கால் அங்குலம் தவறினாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். கதவை விடக் கண்ணாடிக்கு அதிகம் கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் கடையில் கதவைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். பல பழைய கதவுகளின் பின்பக்கம் சமமான பலகையாக இருக்கும். குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, அந்தப் பக்கம் மேலே வரும்படி வைத்தால் கண்ணாடிச் செலவு மிச்சம்.

விலை சரியா என்று பார்க்க மரக்கடைக் கணக்கு ஒன்று போதும். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி வரும். உங்கள் கதவு ஒன்றரை அங்குல கனம் என்று வைத்துக்கொள்வோம். 6.5 × 36 × 1.5 = 351. அதை 144 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.4 கன அடி. நடுப் பலகைகள் மெல்லியவையாக இருந்தால் இன்னும் குறையும். ஊரில் புதுத் தேக்கு கன அடி என்ன விலை என்று விசாரித்து 2.4 ஆல் பெருக்குங்கள். கடைக்காரர் அதற்கு மேல் சொன்னால் அது மரத்தின் விலை இல்லை, பழமையின் விலை. பழமை பிடித்திருந்தால் கொடுக்கலாம், ஆனால் அதைச் சிக்கனக் கணக்கில் எழுதாதீர்கள். உங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகளுக்கு வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள், விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும். வேலைப்பாடு இல்லாத கதவைச் சாதாரண பழைய மரக்கடையில் தேடுவது மேல்.

தேக்குதானா? ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பொன்னிறப் பழுப்பு தெரிய வேண்டும், எண்ணெய்ப் பசையோடு தேக்குக்கே உரிய வாசம் வர வேண்டும். இழைக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சாயம் பூசிய வேறு மரமும் அதே வரிசையில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கும். அடுத்து, கதவைத் தரையில் லேசாகத் தட்டுங்கள். ஊசி ஓட்டைகளிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்ற மரச் சாமான்களுக்கும் பரவும்.

ஒரு காந்தத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே புதைந்த ஆணி எங்கே என்று காட்டிக்கொடுக்கும். அது தெரியாமல் இழைப்புளியை ஓட்டி அதன் தகடு போனால் ஆசாரி சும்மா இருக்க மாட்டார், நியாயம்தான்.

முக்கியமானது பெயின்ட். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் அமலில் இருக்கிறது. பழைய கதவில் ஏறியிருக்கும் எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள், நெருப்பு காட்டியும் உரிக்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், வேலையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், வாய் மூக்கை நல்ல மாஸ்க்கால் மூடுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீடென்றால் பெயின்ட் அடித்த கதவே வேண்டாம், வேறு பாருங்கள்.

கால்களை வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் செய்துகொள்ளலாம். இப்படி ஒரு கதவு நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும், அதனால் கால்களுக்கு இடையே குறுக்குக் கம்பி அவசியம். மேல்பலகையையும் சேர்த்து உயரம் 30 அங்குலம். ஆளி விதை எண்ணெய் தடவுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள்.

கேள்வி: புத்தக அலமாரிக்கு ஒரே ஒரு பிளைவுட் ஷீட் வாங்கி நானே செய்யலாம் என்று இருக்கிறேன். ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஓரடி ஆழம். கடையில் மரைன் பிளைதான் நிற்கும் என்கிறார்கள். அப்படியா? (வாசகர், திருச்சி)

பதில்: முதலில் அளவைப் பார்ப்போம். ஷீட் 8 × 4, அதாவது 32 சதுர அடி. உங்கள் அலமாரிக்குப் பக்கப் பலகை இரண்டு (12 சதுர அடி), மேலும் கீழும் சேர்த்துத் தட்டு ஐந்து (15 சதுர அடி), ஆக 27. கணக்கில் மிச்சம் கூட வருகிறது, இல்லையா? ஆனால் வெட்டும்போது வராது. ஷீட்டை ஓரடி அகலத்தில் நாலு பட்டையாக வெட்டினால், இரண்டு பட்டைகளில் ஆறடிப் பக்கங்கள் போய் இரண்டடித் துண்டுகள் மிஞ்சும். மற்ற இரண்டில் மூன்றடித் தட்டு இரண்டிரண்டுதான் கிடைக்கும். ஆக நாலு தட்டு. ஐந்தாவதுக்காக இன்னொரு ஷீட் வாங்க வேண்டி வரும். நான் முதன்முதலில் செய்த அலமாரியில் இதே தவறைத்தான் செய்தேன்.

அகலத்தை 31½ அங்குலமாகக் குறையுங்கள். எட்டடிப் பட்டையில் தட்டு மூன்று வந்துவிடும், ரம்பம் தின்னும் இடமும் சேர்ந்தே. இரண்டு பட்டைக்கு ஆறு தட்டு! ஐந்து கேட்ட உங்களுக்கு ஒன்று கூடுதல். ரம்பத்துக்குப் போவதால் ஆழம் 12 அங்குலத்துக்கு ஒரு நூல் குறையும், அதனால் ஒன்றும் இல்லை. இன்னொரு லாபம், மூன்றடித் தட்டு புத்தகப் பாரத்தில் நடுவில் தொங்கும். இது அவ்வளவு தொங்காது. கனம் 18 அல்லது 19 மி.மீ. இருக்கட்டும். பின்பக்கத்துக்கு 6 மி.மீ. தனியாக வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அலமாரி பக்கவாட்டில் ஆடும். வெட்டுவதற்குக் கடையிலேயே மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். கைரம்பத்தில் எட்டடி நேராக அறுப்பது எல்லாராலும் முடிகிற வேலை இல்லை.

இனி மரைன் விஷயம். ஹாலில், ஓதம் இல்லாத சுவரோரம் வைக்கும் புத்தக அலமாரிக்கு ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எம்ஆர் பிளை, அதாவது ஓரளவு ஈரம் தாங்கும் ரகம், தாராளமாகப் போதும். ஐஎஸ் 710, அதாவது நீங்கள் சொல்லும் மரைன், சமையலறை சிங்க்குக்குக் கீழே, குளியலறைப் பக்கம் என்று தண்ணீர் படும் இடங்களுக்கு. அதன் ஒட்டு 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. உங்கள் புத்தகங்களை யாரும் கொதிக்க வைக்கப் போவதில்லை.

ஆனால் எந்த ரகம் வாங்கினாலும் ஷீட்டிலேயே ஐஎஸ்ஐ முத்திரையும், சிஎம்/எல் (CM/L) என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் எந்த நிறுவனம், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். பில்லில் வெறுமனே ‘பிளைவுட்’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிராண்ட், ரகம், கனம் மூன்றும் வேண்டும்.

கேள்வி: பாட்டியின் பிரம்பு பின்னிய நாற்காலி இரண்டு இருக்கின்றன. உட்காரும் இடம் தொய்ந்துவிட்டது. பழையதைக் கொடுத்தால் புது நாற்காலியில் தள்ளுபடி என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கொடுக்காதீர்கள்! பின்னல் அறுந்திருக்கிறதா, தொய்ந்து மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். தொய்வுதான் என்றால் செலவே இல்லை. நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஈரமாக்கி, காற்றோட்டமான இடத்தில் காயவிடுங்கள். இயற்கைப் பிரம்பு காயும்போது சுருங்கி விறைப்பாகும். முழுவதும் காயும்வரை யாரும் உட்காரக் கூடாது. பிளாஸ்டிக் பின்னலுக்கு இது பலிக்காது.

அறுந்திருந்தால் பின்னுகிற ஆளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கட்டிலுக்குப் போடும் பருத்தி நாடாவை நீங்களே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னலாம். அழகு கொஞ்சம் குறையும், உட்கார நன்றாகவே இருக்கும். சட்டம் ஆடினால் மட்டும் முதலில் ஆசாரியிடம் காட்டி மூட்டைச் சரிசெய்யுங்கள். அப்புறம், தள்ளுபடி விஷயம்: பழையதைக் கொடுக்காமலே என்ன விலை என்று அதே கடையில் இன்னொரு நாள் வேறு ஆளை விட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜன்னல் திரைக்கு எவ்வளவு துணி வாங்குவது? பழைய புடவையில் தைக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அகலம் துணி வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு விழாமல் வேட்டி காயப் போட்ட மாதிரி இருக்கும். நாலடி ஜன்னலுக்குக் கம்பி ஐந்தடி என்றால், 48 அங்குலத் துணியில் இரண்டு திரை போதும். தைப்பதற்கு முன் பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். சேலத்தில் இருக்கிறீர்கள், நெசவு ஊர்களான கரூரும் சென்னிமலையும் பக்கம்தான். ஒரு பயணம் போய் வந்தால் வீடு முழுவதற்கும் முடிந்துவிடும். ஒரு ஜன்னலுக்காகப் போனால் பஸ் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

பருத்திப் புடவை அருமையான யோசனை. ஐந்தரை மீட்டர் புடவையில் ஏழடி வாசல் திரை இரண்டு தைத்து, மீதியில் தலையணை உறையும் வரும். பட்டு மட்டும் வேண்டாம், வெயிலில் இற்றுப்போய்விடும்.

கேள்வி: இருபத்திரண்டு நாட்களுக்கு முன் வாங்கிய துணி அலமாரியின் அடிப்பலகை ஊறி உப்பிவிட்டது. நானே மாற்றிக்கொள்ளலாம் என்றால் திருகும் பிடிக்கவில்லை. கடையில், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். (வாசகர், கோவை)

பதில்: இப்போதைக்கு நீங்களே எதையும் மாற்றாதீர்கள். கை வைத்தால் ‘நீங்கள் கழற்றியதால் வந்தது’ என்று சொல்ல வழி கிடைத்துவிடும். படம் எடுத்து வையுங்கள்.

குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி முறையற்ற வணிக நடைமுறை. அச்சடித்த அந்த வரி இதைத் தள்ளிவிடாது. உங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இன்றே கடைக்கு எழுத்தில் கொடுங்கள், மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, உங்கள் ஊரிலேயே போடலாம்.

ஒன்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வீடு கழுவும்போது தண்ணீர் தேங்கியதா? அலமாரி பார்ட்டிகிள் போர்டாக, அதாவது மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகையாக இருந்தால், தண்ணீரைக் குடித்து உப்பும், பிறகு திருகு பிடிக்காது. அப்படி நடந்திருந்தால் பொருளின் குறை என்று நிரூபிப்பது கஷ்டம். புதியது வந்ததும் நாலு மூலையிலும் புஷ் வைத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள், சில்லறைக் காசுதான் ஆகும்.

கேள்வி: தொழிற்சாலைக்கு வெளியே, சரக்கு அடுக்கி வரும் பேலட் கட்டைகள் சும்மா கிடைக்கின்றன. கட்டில் செய்யலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: கட்டையில் சுட்ட முத்திரையைப் பாருங்கள். ஹெச்டி (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெய்க் கறை பிடித்ததும் படுக்கைக்கு வேண்டாம்.

கேள்வி: படுக்கையறைச் சுவரில் ஓதம் அடித்து உப்பு பூக்கிறது. ஒட்டும் வால்பேப்பர் மலிவாக இருக்கிறதே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அடுத்த மழைக்குள் பூஞ்சையோடு உரிந்து வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதுவரை அந்தச் சுவருக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: வாடகை வீட்டு ஹாலில் மர ஊஞ்சல் மாட்ட ஆசை. டிரில் மெஷின் இருக்கிறது, கொக்கி இணையத்தில் கிடைக்கிறது. (வாசகர், சென்னை)

பதில்: இதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். பழைய வீடுகளில் ஊஞ்சல் வளையம் உத்தரத்தில் ஏறியிருக்கும். கான்கிரீட் கூரையில் தளம் போடும்போதே கம்பியோடு கட்டிக் கொக்கி விடுவார்கள். கட்டி முடித்த கூரையில் கீழிருந்து துளை போட்டு மாட்டிய கொக்கி, இரண்டு பேர் ஆடும்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இழுபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கூரையைத் துளைத்து மேலே இரும்புத் தட்டு வைத்து நட்டு போடுவது ஒரு வழி. அதற்கு இன்ஜினியர் பார்க்க வேண்டும், மேலே மொட்டைமாடியாகவும் இருக்க வேண்டும், வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம். இரும்புச் சட்டத்தில் நிற்கும் ஊஞ்சலாகச் செய்துகொள்ளுங்கள். பலகையை மட்டும் பழைய மரக்கடையில் எடுத்தால் போதும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போய்விடலாம்.