சத்தமில்லாத மின்னலுக்கு இடிதாங்கி வாங்கலாமா?

கேள்வி: ஒரு வாரமாக ராத்திரியில் தலைக்கு மேலே நட்சத்திரம் தெரிகிறது, மேகமே இல்லை. ஆனால் கிழக்கு ஓரத்தில் வானம் செம்மஞ்சளாக விட்டுவிட்டு மின்னுகிறது. இடி இல்லை, மழையும் இல்லை. இது ‘வெப்ப மின்னல்’, சூடேறிய கட்டடங்களில்தான் இறங்கும், மழை மின்னலைவிட ஆபத்து என்று வீட்டுக்கு வந்த ஒருவர் சொன்னார். 100 மீட்டர் சுற்றுவட்டத்தைக் காக்கும் நவீன இடிதாங்கி என்று சொல்லி முன்பணமும் வாங்கிப்போனார். எங்களுடையது இரண்டு மாடி வீடு. மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள் வானத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அவருடைய வியாபாரம் முழுக்க ‘வெப்ப மின்னல்’ என்ற அந்தப் பெயரில்தான் நிற்கிறது.

அப்படி ஒரு தனி வகை மின்னலே கிடையாது. நீங்கள் பார்ப்பது சாதாரண இடிமேகத்தின் மின்னல்தான். மேகம் உங்களைவிட்டு வெகு தொலைவில் இருக்கிறது, அவ்வளவுதான். வெறும் சூடான காற்று மின்னாது. கோடை வெயிலுக்கு இதில் பங்கு உண்டு: தரை சூடேறுகிறது, ஈரக்காற்று மளமளவென்று மேலே ஏறுகிறது, 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் எழும்பி நிற்கிறது. ஆனால் மின்னேற்றம் உண்டாவது அந்த மேகத்துக்குள் தண்ணீர் உறைந்துபோகும் உயரத்தில். அங்கே குருணை போன்ற ஆலங்கட்டிகளும் பொடிப் பனித்துகள்களும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. மோதும்போது கனமான குருணை ஒரு மின்னேற்றத்தை எடுத்துக்கொண்டு கீழே தங்கிவிடும், லேசான துகள் எதிர் மின்னேற்றத்தோடு மேலே போய்விடும். இரண்டுக்கும் நடுவே காற்று தாங்க முடியாத அளவுக்கு இழுபறி வரும்போது மின்னல் வெட்டுகிறது. உங்களுக்கு வியர்த்து ஊற்றும் ராத்திரியில் தெரிகிற அந்த வெளிச்சம் பனிக்கட்டியில் பிறந்தது.

சரி, சத்தம் எங்கே போயிற்று? மேகம் உயரமாக இருப்பதால் அதன் உச்சியில் தெறிக்கும் ஒளியை 150 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்துகூடப் பார்க்கலாம். மேகத்தின் அடிப்பகுதி பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்திருக்கும், வெளிச்சம் மட்டும் எட்டிப் பார்க்கும். இடியோசையோ சாதாரணமாக 15 கிலோமீட்டரைத் தாண்டிக் கேட்பதில்லை, மிஞ்சிப்போனால் 25. தூரத்தில் தேய்ந்துபோவது ஒரு காரணம், வளைந்து போவது இன்னொரு காரணம். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் மெதுவாகப் போகும். தரையோரம் சூடு, மேலே போகப்போகக் குளிர்ச்சி. அதனால் ஒலியலையின் அடிப்பாகம் முந்திக்கொண்டு ஓடுகிறது, மேல்பாகம் பின்தங்குகிறது, மொத்த அலையும் வானத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. இடி இடித்திருக்கிறது, உங்கள் தலைக்கு மேலே எங்கேயோ போய்விட்டது.

செம்மஞ்சள் நிறத்துக்கும் தூரம்தான் காரணம். அந்தி வெயில் சிவப்பது போலத்தான் இதுவும். நெடுந்தூரக் காற்றும் தூசியும் நீலத்தைச் சிதறடித்துவிட்டு மிச்சத்தை உங்களுக்கு அனுப்புகின்றன. மேகத்துக்கும் மேலே 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சிவப்பாக ஒரு மின்னொளி தோன்றுவதுண்டு, 1989இல்தான் அதை முதன்முதலில் படம் பிடித்தார்கள். அது கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். நீங்கள் பார்ப்பது அது இல்லை.

வெனிசுவேலா நாட்டு மரகைபோ ஏரியின் மேலே வருடத்தின் பெரும்பாலான இரவுகளில் மின்னல் வெட்டுகிறது. ஆண்டுக்கு ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 233 மின்னல்கள், உலகிலேயே அதிகம். அந்தக் காலக் கப்பல்காரர்கள் அதை ‘மரகைபோவின் கலங்கரை விளக்கம்’ என்று சொல்லி அதைப் பார்த்துத் திசை அறிந்தார்கள். கடலில் இருந்தவர்களுக்கு அது சத்தமில்லாத வெளிச்சம். ஏரிக்கரையில் இருந்தவர்களுக்கு அதே மின்னல் காதைப் பிளக்கும் இடி.

இங்கே ஒரு விதிவிலக்கை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சத்தமில்லை என்றால் ‘இப்போது தூரம்’ என்றுதான் பொருள். ‘இனிமேலும் தூரம்’ என்று பொருள் இல்லை. இடிமேகம் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரக்கூடியது. 25 கிலோமீட்டர் தள்ளி ஓசையில்லாமல் மின்னிக்கொண்டிருப்பது அரை மணி நேரத்தில் உங்கள் மாடிக்கு வந்துவிடும். அதற்கும் முன்னால், மேகம் வந்து சேர்வதற்குள், மேகத்தின் பக்கவாட்டிலிருந்து கிளம்பும் ஒரு மின்னல் 10, 15 கிலோமீட்டர் தள்ளித் தெளிந்த வானத்தின் கீழே இறங்குவதுண்டு. மின்னல் கிடையாக எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு உலக வானிலை அமைப்பு ஒரு சாதனையைப் பதிவு செய்திருக்கிறது: 2017 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே மின்னல் 829 கிலோமீட்டர் நீண்டது. தலைக்கு மேலே நட்சத்திரம் தெரிகிறதே என்ற தைரியம் இந்த ஒரு சமயத்தில் உதவாது.

ஆகவே வேடிக்கை பாருங்கள், பார்க்கும்போதே கவனியுங்கள். வெளிச்சம் ஒரு மணி நேரமாக அதே ஓரத்தில், அதே உயரத்தில் இருந்தால் பயமில்லை. அது வானத்தில் மேலே ஏறி வந்தாலோ, பொதுவான பளிச்சிடலுக்குப் பதிலாக மின்னலின் கோடும் கிளையும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தாலோ, மாடியைவிட்டு இறங்கிவிடுங்கள். இடி கேட்கத் தொடங்கினால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் வந்தால் 10 கிலோமீட்டர்தான், உள்ளே போங்கள். ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று வெளியே நிற்க வேண்டாம், இடி கேட்டாலே போதும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள்.

இனி அந்த இடிதாங்கிக்காரர். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். ‘மின்னல் வருவதை முன்கூட்டியே உணர்ந்து எட்டிப் பிடிக்கும்’, ‘100 மீட்டர் பாதுகாப்பு’ என்று விற்கப்படும் பளபளப்பான முனைகளை எத்தனையோ கூரைகளில் பார்த்திருக்கிறேன். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62305 என்ற தரநிலை இந்தக் கதையை ஏற்பதில்லை. கூரைமேல் இருக்கும் உலோகத்தின் உண்மையான நீள அகலத்தை வைத்துத்தான் பாதுகாப்பைக் கணக்கிட வேண்டும் என்கிறது. எளிமையாகச் சொன்னால், கம்பி உங்கள் கூரைக்கு மேலே எவ்வளவு உயரமோ, சுற்றிலும் ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்குத்தான் நம்பலாம். பெஞ்சமின் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டில் சொன்ன சாதாரணக் கம்பியைவிட அந்த முனை கூடுதலாக எதையும் சாதிப்பதில்லை. பழைய சரக்கு என்று மலிவாக யாராவது கொண்டுவந்தால் கிட்டவே போகாதீர்கள். ஒரு காலத்தில் இடிதாங்கி முனைகளில் கதிரியக்கப் பொருள் வைத்து விற்றார்கள், பல நாடுகள் பிறகு அதைத் தடை செய்தன.

அதைவிடப் பெரிய மோசடி கீழே நடக்கிறது. ஒருமுறை ஒரு பெரிய கட்டடத்தைப் பார்வையிடப் போனேன். உச்சியில் முனை மினுமினுவென்று இருந்தது. செப்புப் பட்டை சுவரோடு அழகாக இறங்கி வந்து, தரைக்கு ஓர் ஆள் உயரம் மேலே, கத்தரித்தாற்போல முடிந்துவிட்டது. மீதியை யாரோ வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சுவரில் பட்டையைப் பிடித்திருந்த கிளிப்புகள் மட்டும் பச்சைக் களிம்போடு வரிசையாக இருந்தன. கீழே எர்த் குழியின் மூடியைத் தூக்கினால் உள்ளே காய்ந்த மண், சருகு. இதற்கு அந்த வருடத்துச் சான்றிதழும் இருந்தது! கையெழுத்துப் போட்டவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார், குனிந்து பார்க்கவில்லை. ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்வது சகஜம். மண்ணுக்குள் போக வழியில்லாமல் அது நடுச்சுவரில் வந்து நின்றால், பக்கத்திலிருக்கும் தண்ணீர்க் குழாய்க்கோ மின்கம்பிக்கோ தாவும். அப்படிப்பட்ட இடிதாங்கி இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல். படிவத்தில் ‘இடிதாங்கி உண்டா?’ என்ற கட்டத்துக்கு இருக்கும் மரியாதை ‘எர்த் அளந்தீர்களா?’ என்ற கேள்விக்கு இல்லாதவரை இந்த ஆட்கள் வீடு வீடாக வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு என்ன தேவை? சுற்றிலும் உயரமான கட்டடங்கள் இருந்தால் அவசரமில்லை. திறந்தவெளியிலோ மேட்டிலோ தனியாக நிற்கும் வீடு என்றால் முழு அமைப்பையும் முறையாகப் போடலாம்: மேலே கம்பி, இறங்க ஒன்றுக்கு மேற்பட்ட பாதை, கீழே நல்ல எர்த். எப்படியிருந்தாலும் டிவியும் ஃப்ரிட்ஜும் போவது பெரும்பாலும் கூரையில் இறங்கும் மின்னலால் இல்லை. தூரத்தில் மின்கம்பத்தில் விழுந்தது கம்பி வழியாக வருவதால்தான். அதற்கு மெயின் போர்டிலேயே சர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று எகிறும் மின்னழுத்தத்திலிருந்து காக்கும் கருவி) வைக்க வேண்டும், அதுவும் எர்த் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். இடிமேகம் நெருங்குமுன் பிளக்குகளை உருவிவிடுங்கள், இன்டர்நெட் ஒயரையும் சேர்த்து. இடி தலைக்கு மேலே வந்தபிறகு உருவப் போகாதீர்கள், அப்போது ஒயரைத் தொடுவதே ஆபத்து. அந்த நேரத்தில் குளியலும் பாத்திரம் கழுவுவதும் வேண்டாம்.

முன்பணத்தை எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். அவர் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘எர்த்தின் மின்தடை எத்தனை ஓம், என் கண் முன்னால் அளந்து காட்டுவீர்களா?’ அளக்கும் கருவியே இல்லாமல் வந்திருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, மண் நன்றாகக் காய்ந்திருக்கும் இந்தக் கோடையிலேயே எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அளந்தால் மோசமான எர்த்கூட நல்லதாகக் காட்டும். வந்த எண்ணைத் தேதியோடு எழுதி மெயின் போர்டு மூடியின் உள்பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.