வாசகர் கேள்வி - பதில்: மண்ணுக்குள்ள குடியிருக்கற தேனீங்க

கேள்வி: நியூ ஜெர்சில இருக்கோம். ஏப்ரல் வந்தாலே வீட்டுக்குப் பின்னாடி புல்லு முளைக்காத இடத்துல சின்னச் சின்னதா மண்ணு குவிஞ்சிருக்கு, நடுவுல ஒரு ஓட்டை. மேல தேனீ மாதிரி ஏதோ சுத்திட்டே இருக்கு. குழந்தைங்க விளையாடற இடம், மருந்து அடிச்சிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: தயவுசெஞ்சு அடிக்காதீங்க. அது ஆண்ட்ரினாங்கற மண் தேனீயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கிட்டக்கிட்ட இருந்தாலும் பெரும்பாலும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரே ஒரு பெண் தேனீயோட வீடுதான், ராணி, வேலைக்காரி எல்லாம் கிடையாது, அதுவே தோண்டி, மகரந்தத்தையும் பூந்தேனையும் சேர்த்து உருட்டி வச்சு, அது மேல ஒரு முட்டை போட்டு, அறைய மூடிட்டு அடுத்த அறைய ஆரம்பிச்சிடும். மேல சுத்தறதுல நிறைய ஆண் தேனீங்க, அதுங்களுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையில பிடிச்சு நசுக்கினா ஒழிய கொட்டாது. சில வாரத்துல எல்லாம் அடங்கிடும். ஆனா ஒரே ஓட்டைல கும்பலா உள்ள போறதும் வெளிய வரதுமா இருந்தா அது மஞ்சக் குளவிக் கூடா இருக்கலாம், அந்தப் பக்கம் மட்டும் குழந்தைங்கள விடாதீங்க.

கேள்வி: அமெரிக்கால எங்க தேனீ வகை அதிகம்? காடு அடர்த்தியா இருக்கற பக்கமா?
- மதுரை வாசகர்

பதில்: பாலைவனத்துலங்க! அந்த நாட்டுக்கே சொந்தமான தேனீ சுமார் 4,000 வகை இருக்கு, அதுல தென்மேற்கு வறண்ட பூமிலதான் வகை ரொம்ப ஜாஸ்தி. யூட்டால இருக்கற கிராண்ட் ஸ்டேர்கேஸ்-எஸ்கலான்டே பகுதில மட்டும் 660 வகை பதிவாகியிருக்கு. முக்கால்வாசி வகைங்க மண்ணுக்குள்ளதான் கூடு வைக்கும், ஈரம் தங்கினா அந்த மகரந்த உருண்டைல பூஞ்சை புடிச்சிடும், அதனால காய்ஞ்ச மண்ணு அதுங்களுக்கு வசதி. மழை பொய்ச்சிட்டா சில வகைங்க வெளியவே வராம அடுத்த வருஷம் வரைக்கும் மண்ணுக்குள்ளயே காத்திருக்கும், எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். பெர்டிட்டா மினிமான்னு ஒண்ணு, மொத்த உடம்பே 2 மில்லிமீட்டர்தான்.

கேள்வி: தேனீ அழியுதுங்கறாங்களே, ஒஹாயோல எங்க தோட்டத்துல ஒரு தேன் பெட்டி வைக்கலாம்னு இருக்கேன். உதவியா இருக்குமா?
- ஒரு வாசகர்

பதில்: தேன் வேணும்னா வைங்க. ஆனா தேன் பெட்டித் தேனீ 1622-ல ஐரோப்பாக்காரங்க வர்ஜீனியாவுக்குக் கப்பல்ல கொண்டு வந்தது, அத வளர்க்க ஆள் இருக்காங்க. ஆபத்துல இருக்கறது காட்டுத் தேனீங்க. பம்பிள் பீன்னு உருண்டையா, ரோமமா இருக்கற தேனீங்க உண்டு, அதுல ரஸ்டி பேட்ச்ட் பம்பிள் பீங்கற வகைய 2017-ல அழியும் நிலைல இருக்கற இனம்னு அரசாங்கமே பட்டியல்ல சேர்த்துச்சு, ஃப்ராங்க்ளின் பம்பிள் பீ 2006-க்கு அப்புறம் யார் கண்ணுலயும் படல. தக்காளிப் பூவ புடிச்சுத் தொங்கிட்டு உடம்ப அதிர வச்சு மகரந்தத்த உதிர வைக்கற வேல பம்பிள் பீக்குத் தெரியும், பெட்டித் தேனீக்குத் தெரியாது.

பெட்டிக் காசுல ஒஹாயோவுக்கே சொந்தமான செடிங்கள வாங்கி நடுங்க, ஏப்ரல்லேந்து அக்டோபர் வரைக்கும் ஏதாவது ஒண்ணு பூத்துட்டே இருக்கணும். மண்ண முழுக்க மரத்தூள் போட்டு மூடாதீங்க. முடிஞ்சா பூசணி போடுங்க, அதுக்குன்னே ஒரு தேனீ இருக்கு, விடியறதுக்கு முன்னாடியே வேலைக்கு வந்துடும். மத்தியானம் வாடி மூடின பூவ மெதுவா தொட்டுப் பாருங்க, உள்ள ஆண் தேனீ தூங்கிட்டிருந்தா ர்ர்னு சத்தம் வரும். பெண் அதே செடிப் பக்கத்து மண்ணுலதான் முட்டை வச்சிருக்கும், அதனால அறுவடை முடிஞ்சதும் அந்தப் பாத்திய ஆழமா கொத்தாம விட்டுடுங்க.